பிரம்பு போனபின் வகுப்பறை

‘அடியாத மாடு படியாது’ என்பது நம்மவர் பழமொழி. மாட்டுக்கு அஃது எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை மாடு வளர்ப்போர் சொல்லட்டும். பிள்ளைக்கும் பொருந்தும் என்றே நாம் தலைமுறை தலைமுறையாக நம்பி வந்தோம். பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலே சேர்க்க வரும் தகப்பனார், “மாஸ்டர், கண்ணிரண்டையும் விட்டுவிடுங்கள், மற்றதெல்லாம் உங்கள் பொறுப்பு” என்று சொல்லி ஒப்படைத்துப் போவார். அவ்வாறு சொல்வது ஆசிரியருக்குச் செய்யும் மரியாதை என்று கருதப்பட்ட காலம் ஒன்றிருந்தது.

அக்காலம் போய்விட்டது. கொழும்பு – கண்டி வீதியிலே பித்தளை விளக்குக் கடைகள் நிரையாக நிற்கும் பிலிமத்தலாவையில், பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். “இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பயமும் இல்லை, பணிவும் இல்லை. வாத்திமாருக்கு மதிப்பும் இல்லை” என்பார்கள். அதே பஸ்ஸிலே வந்திறங்கும் ஆசிரியரைக் கேட்டாலோ, “அடிக்கவும் கூடாது, ஏசவும் கூடாது, சொன்னாற் பிள்ளை கேட்கவும் மாட்டாது. நாங்கள் என்னதான் செய்வது?” என்று மனம் நொந்து பேசுவார்.

இவ்விரு முறைப்பாடுகளையும் வெறும் புலம்பல் என்று தள்ளிவிட முடியாது. ஆசிரியத் தொழிலில் இருக்கும் நாம் இவற்றை நாள்தோறும் கேட்கின்றோம். ஆயினும் இரண்டின் அடியிலும் ஒரு தவறான எண்ணம் கிடக்கின்றது. வகுப்பறை ஒழுங்கு பிரம்பினால் உண்டானது, பிரம்பு போனதும் ஒழுங்கும் போயிற்று என்பதே அவ்வெண்ணம். உண்மை அதுவன்று. பிரம்புக்குப் பின்னாலே வேறொன்று நின்றது. அது நழுவியதை நாம் கவனிக்கவில்லை.

பிரம்புக்குப் பின்னால் நின்றது எது?

பழைய திண்ணைப் பள்ளிக்கூடத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே பிரம்படி சாதாரணம். பிள்ளையின் கைகளை மேலே கட்டித் தொங்கவிடும் ‘கோதண்டம்’ என்ற தண்டனையும் உண்டு. இன்று அவற்றை நினைத்தாலே உள்ளம் கூசும். ஆனால் அந்த உபாத்தியாயர் பிள்ளையின் வீட்டை அறிந்தவர். பிள்ளையின் பாட்டனையும் அறிந்தவர். கோயிலிலும் குளக்கரையிலும் தகப்பனாரைச் சந்திப்பவர். பள்ளியிலே அடிபட்டேன் என்று வீட்டிலே போய்ச் சொன்னால் அங்கும் ஓர் அடி கிடைக்கும் என்பது பிள்ளைக்குத் தெரியும். அஃதாவது, வீடும் ஊரும் பள்ளியும் ஒரே சொல்லைச் சொல்லின. பிள்ளை அஞ்சியது ஒரு முழக் கோலுக்கு மட்டுமன்று. தன்னைச் சுற்றி நின்ற பெரியவர்களின் ஒருமித்த எண்ணத்துக்கே அது பணிந்தது.

இன்னுமொன்று உண்டு. ‘அந்தக் காலத்துப் பிள்ளைகள் எவ்வளவு அடக்கம்!’ என்று வியப்போர், வகுப்பிலே மிஞ்சியிருந்த பிள்ளைகளை மாத்திரமே கணக்கெடுக்கின்றனர். அடிக்கு அஞ்சி மதிலேறிக் குதித்து ஓடியவனையும், மூன்றாம் வகுப்போடு மாடு மேய்க்கப் போனவனையும், ஏடு தொடாமலே தேயிலைக் கொழுந்து பறிக்கப் போன பெண்பிள்ளையையும் எவர் கணக்கில் எடுத்தார்? அடங்காதோரை எல்லாம் வெளியே விட்டுவிட்டால் உள்ளே அமைதி நிலவுவதில் அதிசயம் ஒன்றுமில்லை.

மலையகத்திலே இஃது இன்னும் தெளிவாகத் தெரியும். 1920 ஆம் ஆண்டின் கல்விச் சட்டம், தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளி அமைக்கும் கடமையைத் தோட்டத் துரைமார்மீது சுமத்தியது. எழுந்த பள்ளிகளிற் பெரும்பாலானவை ஒரே அறையும் ஒரே ஆசிரியரும் கொண்டவை. ஐந்தாம் வகுப்புக்கு மேலே போன பிள்ளைகளை விரல்விட்டு எண்ணலாம். சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் 1945 இல் இலவசக் கல்வி நாட்டுக்குக் கிடைத்தபோதும், தோட்டப் பாடசாலைகள் அதன் நிழலுக்கு வெளியிலேயே நின்றன. 1970களிலே தோட்டங்கள் தேசியமயமாக்கப்பட்ட பின்னரே அவை படிப்படியாக அரசாங்கத்தின் கீழ் வந்தன.

அதன்பின் வந்த மாற்றம் பெரிது. ஐந்து முதற் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகள் யாவரும் பள்ளிக்குச் செல்ல வேண்டும் என்ற விதி 1998 இல் நடைமுறைக்கு வந்தது. 2016 இல் அந்த வயதெல்லை பதினாறாக உயர்த்தப்பட்டது. முன்னர் ஓடிப்போன பிள்ளை இன்று வகுப்பிலே இருக்கின்றது. படிப்பிலே நாட்டமுள்ளதும் இல்லாததும், வயிறு நிறைந்ததும் நிறையாததும் ஒரே வாங்கிலே அமர்ந்திருக்கின்றன. இன்றைய வகுப்பறையின் சத்தத்திலே ஒரு பகுதி, நேற்று வெளியே நின்ற பிள்ளைகள் உள்ளே வந்துவிட்டதன் சத்தமாகும். அதை நாம் நாட்டுக்கு வந்த இலாபமென்றே கொள்ள வேண்டும். ஆனால் அந்த இலாபத்தின் சுமையை ஆசிரியர் ஒருவரே தனித்துச் சுமக்கின்றார்.

சட்டம் என்ன சொல்கின்றது?

பிரம்பைப் பற்றி நாட்டிலே இன்னும் குழப்பம் உண்டு. ஆகையால் சட்டத்தின் போக்கை இங்கே சுருக்கமாகச் சொல்வோம். சிறுவர் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சபையின் சமவாயத்தை இலங்கை 1991 இல் ஏற்றுக்கொண்டது. பாடசாலைகளில் உடல்ரீதியான தண்டனை வழங்கலாகாது என்று கல்வி அமைச்சின் 2005/17 ஆம் இலக்கச் சுற்றுநிருபம் ஆசிரியர்களுக்கு அறிவித்தது. பாடசாலை ஒழுங்கைப் பேணுவது குறித்து 12/2016 ஆம் இலக்கச் சுற்றுநிருபம் பின்னர் வந்தது. நீதிமன்றங்கள் விதித்துவந்த கசையடித் தண்டனையும் 2005 ஆம் ஆண்டின் 23 ஆம் இலக்கச் சட்டத்தினால் நீக்கப்பட்டது. குற்றவாளிக்கே அடி இல்லை என்றான நாட்டிலே, கணக்குப் பிழைத்த பிள்ளைக்கு அடி உண்டு என்று வாதிப்பது எங்ஙனம்?

சுற்றுநிருபம் வெறும் காகிதம் என்று எண்ணியிருந்தோர்க்கு 2021 பெப்ரவரியிலே உயர் நீதிமன்றம் தெளிவான விடை தந்தது. 2017 இல் மாத்தறை மாவட்டத்துப் பாடசாலை ஒன்றிலே, ஆசிரியர் கன்னத்தில் அறைந்ததால் மாணவன் ஒருவனின் செவிப்புலன் பாதிக்கப்பட்டது. பெற்றோர் அடிப்படை உரிமை மீறல் வழக்குத் தொடுத்தனர். அரசியலமைப்பின் 11 ஆம் உறுப்புரை சித்திரவதையையும் கொடூரமான, மனிதத்தன்மையற்ற, இழிவான நடத்துகையையும் தடுக்கின்றது. மாணவனின் அவ்வுரிமை மீறப்பட்டது என்று நீதிமன்றம் தீர்த்தது. ஆசிரியர் 150,000 ரூபாவும் அரசு 500,000 ரூபாவும் மாணவனுக்கு நட்டஈடாக வழங்க வேண்டும் என்று கட்டளை பிறந்தது.

ஒரு கண நேரக் கோபம். ஒரு பிள்ளையின் காது! ‘நானும் அடிபட்டுத்தானே ஆளானேன்’ என்று பேசும் பெரியவர்கள் இந்த வழக்கைச் சிறிது நினைத்துப் பார்த்தல் வேண்டும். அடித்தவருக்குத் தாம் அடிக்கும் அடியின் அளவு தெரிவதில்லை. சுவீடன் தேசம் வீட்டிலே அடிப்பதையுங்கூட 1979 இலேயே தடை செய்தது. நமக்குப் பிரம்பைப் பழக்கிய இங்கிலாந்தும் தன் அரசாங்கப் பள்ளிகளில் அதனை ஒழிக்க 1986 இல் சட்டமியற்றிவிட்டது. கொடுத்தவர் கீழே போட்டபின்னும் வாங்கியவர் விடாது பிடித்திருப்பது விவேகமன்று.

எடுத்ததற்கு ஈடாக வைத்தது என்ன?

ஆயின் ஆசிரியர் பக்கத்திலும் நியாயம் உண்டு. பிரம்பைக் கீழே வை என்று சொன்னவர்கள், அதற்கு ஈடாக அவர் கையிலே எதனை வைத்தார்கள்? நாற்பது நிமிடப் பாடவேளை ஒன்று. நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பொன்று. ஆளுக்கு ஒரு நிமிடந்தான் வருகின்றது. அதற்குள் இடாப்புக் கூப்பிட வேண்டும். கொப்பி பார்க்க வேண்டும். பாடம் நடத்த வேண்டும். பின்வாங்கிலே சண்டை பிடிப்பவனைச் சமாதானம் பண்ணவும் வேண்டும். பிள்ளையைத் தனியே அழைத்து, “தம்பி, உனக்கு என்ன குறை?” என்று கேட்க நேரம் எங்கே?

அவருடைய நிலைமையையும் நோக்குவோம். 1997 முதல் நீடித்த சம்பள முரண்பாட்டைத் தீர்க்குமாறு கோரி, 2021 ஜூலை 12 இல் ஆசிரியர்களும் அதிபர்களும் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகினர். ஒக்டோபர் பிற்பகுதி வரை, மூன்று மாதங்களுக்கு மேலாக அது நீடித்தது. பெருந்தோட்டப் பாடசாலைகளுக்கு நியமனம் பெற்ற ஆசிரிய உதவியாளர்களின் கதை இன்னும் துயரமானது. அவர்கள் முதலில் மாதம் 6,000 ரூபாவும் பின்னர் 10,000 ரூபாவும் கொடுப்பனவாகப் பெற்றே வகுப்பு நடத்தினர். லயத்திலிருந்து வரும் பிள்ளைக்கு, ‘படித்தால் நீயும் இவரைப்போல் உயர்வாய்’ என்று காட்ட வேண்டியவர், அப்பிள்ளையின் தாய் கொழுந்து பறித்துப் பெறுவதிலும் குறைவாகப் பெற்றாராயின், அந்த உபதேசம் எப்படி எடுபடும்?

இவற்றோடு இடையிலே ஒரு பெரும் உடைவும் நேர்ந்தது. 2020 மார்ச்சிலே கொரோனாத் தொற்றினாற் பள்ளிகள் மூடப்பட்டன. கைத்தொலைபேசி அலைவரிசையைத் தேடி மலையிலும் மரத்திலும் ஏறிய பிள்ளைகளைப் பத்திரிகைகளிற் கண்டோம். 2022 இலே எரிபொருள் இல்லாமற் பள்ளிகள் மறுபடியும் மூடின. முதலாம் ஆண்டிலே கற்க வேண்டியது எழுத்து மட்டுமன்று. வரிசையிலே நிற்பதும், முறை வரும்வரை பொறுத்திருப்பதும், பிறர் பேசும்போது கேட்டிருப்பதும் அங்கேதான் பழகும். அந்தப் பழக்கம் ஊன்ற வேண்டிய பருவத்திலே அது கிட்டாத ஒரு தொகைப் பிள்ளைகள் இன்று மேல் வகுப்புகளில் இருக்கின்றனர். அவர்களைக் குழப்படிக்காரர் என்று பெயர் சூட்டுமுன், அவர்களுக்கு அந்தப் பாடத்தை எவரும் நடத்தவில்லை என்பதை நினைவிற் கொள்வோமாக.

நன்னூல் காட்டும் வழி

ஆசிரியர் செய்யக்கூடியது ஒன்றுமே இல்லையா? உண்டு. பவணந்தி முனிவர் நன்னூலின் பொதுப்பாயிரத்திலே ஆசிரியர் இயல்பையும் மாணாக்கர் இயல்பையும் வகுத்தார். யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலரவர்களின் காண்டிகையுரையோடு அதனைப் படித்தோர் பலர் இன்றும் நம்மிடையே உளர். மாணாக்கரை அன்னம், பசு, மண், கிளி, இல்லிக்குடம், ஆடு, எருமை, நெய்யரி என்று எட்டு வகையாக உவமித்த பகுதியை எல்லோரும் நினைவில் வைத்திருக்கின்றனர். குளத்தைக் கலக்கிக் குடிக்கும் எருமையைச் சொல்லி மாணவனைத் திட்டுவதற்கு அது வாய்ப்பாக இருக்கின்றது அல்லவா?

ஆனால் அந்நூலின் வைப்புமுறையைக் கவனியுங்கள். மாணாக்கர் இயல்புக்கு முன்பே ஆசிரியர் இயல்பு வந்துவிடுகின்றது. நல்லாசிரியருக்கு நிலத்தின் பொறுமையும், மலையின் உறுதியும், துலாக்கோலின் நடுநிலையும், மலரின் இனிமையும் உவமை. அத்தோடு விடாது, ஆசிரியர் ஆகத் தகாதவர் யாவர் என்பதையும் முனிவர் சொல்லிவிடுகின்றார். பாடஞ்சொல்லும் முறைக்கு வரும்போது, காலமும் இடமும் அறிந்து, கேட்போனுடைய அறிவின் அளவறிந்து, அவன் உள்ளம் கொள்ளும் வகையிற் கொடுக்க வேண்டும் என்கின்றார். எருமையைப் பற்றிப் பேசுமுன் ஆசிரியன் தன்னைத் துலாக்கோலிலே நிறுத்துக்கொள்ள வேண்டும் என்பதே அம்முறையின் கருத்து என்று நாம் கொள்ளுகின்றோம்.

பிலிமத்தலாவைப் பக்கத்துப் பித்தளைத் தொழிலாளரிடமும் இதற்கு ஓர் உதாரணம் உண்டு. மெழுகிலே உருவத்தைச் செய்வார்கள். அதன்மேல் மண்ணைப் பூசுவார்கள். மண் உலர்ந்தபின் சூடேற்றுவார்கள். மெழுகு உருகி வெளியேற, அந்த வெற்றிடத்திலே உருக்கிய பித்தளையை ஊற்றுவார்கள். மண் உலருமுன் அவசரப்பட்டு நெருப்பிலே வைத்தால் அச்சு வெடித்துவிடும். வெடித்த அச்சை அடித்துப் பயனில்லை என்பதைத் தொழிலாளி அறிவான். தந்தையின் அருகே இருந்து தொழில் பழகும் மகனும் இந்தப் பொறுமையைப் பார்த்தே கற்றுக்கொள்கின்றான்.

வகுப்பறையிலும் ஒழுங்கு இப்படித்தான் உருவாகின்றது. மணி அடித்ததும் வகுப்புக்குள் நுழையும் ஆசிரியர், பிள்ளைகள் சண்டை தொடங்குவதற்கு இடங்கொடுப்பதில்லை. பாடத்தை ஆயத்தம் பண்ணி வருபவருக்குக் குரலை உயர்த்த வேண்டிய தேவை குறைவு. எல்லாப் பிள்ளைகளையும் பெயர் சொல்லி அழைப்பவர், பின்வாங்கிலும் தமக்கு ஒரு பிடி வைத்திருக்கின்றார். ஒரே குற்றத்துக்கு டொக்டர் மகனுக்கு ஒரு தீர்ப்பும் தோட்டத் தொழிலாளி மகனுக்கு வேறொரு தீர்ப்பும் வழங்காதவரைப் பிள்ளைகள் தாமாகவே மதிக்கின்றனர். பிள்ளைகளின் கண்ணுக்கு ஓரவஞ்சனை தப்புவதில்லை.

பிரம்பை வைத்துவிட்டு நாவைத் தீட்டிக்கொள்வதும் ஆகாது. “மாடு”, “மண்டையிலே ஒன்றுமில்லை”, “உன் அப்பனைப்போல நீயும் கவ்வாத்துக்குத்தான் போவாய்” என்ற சொற்கள் கன்னத்தில் அறைவதிலும் ஆழமாகப் போகும். கண்டிக்க வேண்டியதைத் தனியிலே கண்டித்தலும், பாராட்ட வேண்டியதை நாலுபேர் முன்னிலையிலே பாராட்டுதலும் நன்று.

நாம் அறிந்த ஒரு மாணவன் காலையிலே முதற்பாட வேளையில் எப்போதும் தூங்கி விழுவான். எழுப்பினால் எதிர்த்துப் பேசுவான். அவனை வகுப்புக்கு வெளியே நிறுத்துவதே முறை என்று ஆசிரியர்கள் சிலர் கருதினர். வகுப்பாசிரியை ஒருநாள் அவனைத் தனியே இருத்தி விசாரித்தார். தாய் வெளிநாட்டிலே வீட்டுப் பணிப்பெண், தகப்பன் குடிகாரர், பாட்டிக்குக் கண் தெரியாது. விடியுமுன் எழுந்து, தங்கையர் இருவருக்கும் சமைத்து, அவர்களைத் தலைசீவிப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு இவன் வருகின்றான். பதின்மூன்று வயது! அவனுக்கு வேண்டியிருந்தது தண்டனையா? முதலில் ஒரு கோப்பை தேநீரும், பின்பு அதிபர் மூலமாகச் சிறுவர் நலனுக்குப் பொறுப்பான உத்தியோகத்தருக்கு ஒரு கடிதமுமே அவனுக்குக் கிடைத்தன. தூக்கம் முற்றாக நீங்கிவிடவில்லை. எதிர்த்துப் பேசுவது நின்றுவிட்டது.

இத்தகைய விசாரணைக்கு நேரம் வேண்டும். பயிற்சியும் வேண்டும். பத்தனையிலே ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி 1990களில் எழுந்ததனால், மலையகத்துப் பிள்ளைகளை அவர்களின் சூழலறிந்து கற்பிக்கும் ஆசிரியர் பலர் உருவாயினர். ஆயினும் வகுப்பிலே தொகையைக் குறைப்பதும், உளவளத் துணை நாடும் பிள்ளைக்கு அதற்கென்றே பயின்ற ஆசிரியரை வைப்பதும், ஆசிரியருக்கு மானத்தோடு வாழத்தக்க சம்பளம் கொடுப்பதும் அரசாங்கத்தின் கடன். அதை ஆசிரியரின் பொறுமையிலிருந்து கழித்துக்கொள்ள முயல்வது நியாயமன்று.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

இனி, இப்பகுதியை வாசிக்கும் தாய்தந்தையர்க்குச் சில சொல்லுவோம். ‘கண்ணை விட்டு அடியுங்கள்’ என்று முன்னே ஒப்படைத்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்காக இன்று பொலிசுக்கு ஓடுகின்றோம். அடித்துக் காயப்படுத்தினால் முறையிடுவது உரிமை, அதில் ஐயமில்லை. ஆனால் இரண்டு நிலைக்கும் நடுவே ஓர் இடம் உண்டு. ஆசிரியரோடு அமர்ந்து பேசும் இடம் அது. அந்த இடத்தையே நாம் வெறுமையாக விட்டுவிட்டோம்.

இரவு உணவின்போது, “உன் ரீச்சருக்கு என்ன தெரியும்!” என்று பிள்ளை கேட்கச் சொல்லாதீர்கள். மறுநாட் காலையில் அந்தச் சொல்லையும் புத்தகப் பையிலே போட்டுக்கொண்டுதான் பிள்ளை வகுப்புக்குப் போகும். ஆசிரியரிடம் குறை கண்டால் நேரே அவரிடம் கேளுங்கள். பின்பு அதிபரிடம் கேளுங்கள்.

நள்ளிரவு வரை கைத்தொலைபேசியிலே கண்பதித்திருந்த பிள்ளை காலையிலே பாடத்திற் பதியாது. ரியூசன் வகுப்பைப் பற்றியும் சிந்தியுங்கள். ஐந்தாம் தரப் புலமைப்பரிசிற் பரீட்சைக்கென்று ஒன்பது வயதிலே தொடங்கும் ஓட்டம், க.பொ.த. உயர்தரம் வரை ஓய்வதில்லை. பாடத்தை முன்னரே அங்கே கேட்டுவிட்ட பிள்ளை, பள்ளியிலே அதே பாடம் நடக்கையிற் சலித்துப் பக்கத்துப் பிள்ளையையும் குழப்புகின்றது. காசு கொடுத்த இடத்திலே வாய்மூடி இருக்கும் பிள்ளைக்கு, இலவசமாகக் கிடைப்பது மலிவானது என்ற எண்ணத்தை ஊட்டியவர் யார்? கன்னங்கரா கொடுத்த செல்வத்தை நாமே மலிவாக்கலாமா?

பெரும்பாலான பெற்றோர் பாடசாலைக்குப் போவது மூன்று நாட்களில்: சேர்க்கும் நாள், தேர்ச்சி அறிக்கை வாங்கும் நாள், சண்டை பிடிக்கும் நாள். இவற்றோடு நாலாவது நாள் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளும்படி கேட்கின்றோம். அடுத்த வாரத்தில் ஒரு நாள், ஒரு முறைப்பாடும் இல்லாமல், பள்ளி விடும் நேரத்திலே போய் வகுப்பாசிரியரைக் காணுங்கள். இரண்டே கேள்விகள் கேளுங்கள். “என் பிள்ளை வகுப்பிலே எப்படி நடந்துகொள்கின்றது?” என்பது ஒன்று. “வீட்டிலே நாங்கள் என்ன செய்தால் உங்களுக்கு உதவியாக இருக்கும்?” என்பது மற்றொன்று. இரண்டாவது கேள்வியை எந்த ஆசிரியரும் அடிக்கடி கேட்டிருக்க மாட்டார். அவர் சொல்லும் விடையை வீட்டுக்குக் கொண்டுவந்து, பிள்ளையையும் பக்கத்தில் இருத்திப் பேசுங்கள்.